நுனியில் ஓடிய நீலம்

கடையில் தங்க நிறத்தில் மின்னுகிற எதையும் நான் நம்புவதில்லை. அதுவும் ஒரு ஹெக்ஸ் டிரைவரின் நுனி அப்படி மின்னினால் இரண்டு அடி தள்ளி நின்றுதான் பார்ப்பேன். தலையில் ஆறு மூலைக் குழி உள்ள திருகைக் கழற்றுகிற சாமான் அது. ஒரு கைப்பிடி, அதிலிருந்து நீளும் ஒரு கம்பி, கம்பியின் முனையில் ஆறு பட்டை, அவ்வளவுதான். அதற்கு எதற்கு மாப்பிள்ளை மோதிரம் மாதிரி மினுக்கம்? மினுக்குகிறார்கள் என்றால் அடியில் எதையோ மூடுகிறார்கள்.

இப்படி நினைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்போம். தைத்து வரும் அப்பரை விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் தவறியிருக்கிறதா, தோலில் உண்ணி கடித்த வடு இருக்கிறதா, தைப்பதற்காக வெள்ளைப் பேனாவில் போட்ட கோடு மறையாமல் நிற்கிறதா என்று கண்டுபிடிப்பது என் வேலை. குறை இருந்தால் அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். சாயங்காலம் மாதனூரில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் இந்தக் கண்ணைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும். முடிவதில்லை. பால்காரர் பால் ஊற்றும்போது நான் பாலைப் பார்ப்பதில்லை, அவருடைய கட்டைவிரலைப் பார்க்கிறேன்.

கேள்வி கேட்காமல் நான் நம்பியது இரண்டு பேரைத்தான். ஒருவர் என் கணவர். தோல் பதனிடுகிற ஷாப்பில் தரம் பிரிக்கிறவர். கண்ணை மூடிக்கொண்டு தடவியே இது கழுத்துப் பக்கம், இது வயிற்றுப் பக்கம் என்று சொல்லிவிடுவார். எங்கள் பக்கத்தில் தோல் வேலை செய்கிற ஆட்கள் பலரையும் போல, ஒரு பொருள் அசல் தோலா ரெக்சினா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நறுக்கு கிள்ளிக் கொளுத்தி மோந்து பார்ப்பார். முடி கருகுகிற வாடை வந்தால் அசல், பிளாஸ்டிக் வாடை வந்தால் போலி. கல்யாணமான புதிதில் சென்னையில் நான் ஆசைப்பட்டு வாங்கிய கைப்பையின் வாரில் ஒரு மூலை இப்போதும் கருகித்தான் இருக்கிறது. நான் கத்தியதற்கு, அசல்தான், சந்தோஷப்படு என்றார். அதிலிருந்து அவர் நல்ல சரக்கு என்றால் எனக்கும் நல்ல சரக்குதான்.

இன்னொருத்தி என் தோழி. ஸ்டிச்சிங் லைனில் மிஷின் ஓட்டுகிறாள். என்னைவிடச் சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு முந்தின ஸ்டாப்பில் ஏறி, ஜன்னல் சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். யாரோடும் சண்டைக்குப் போகாதவள் என்றாலும் ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது. சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வரும்போது கேட்டில் எல்லோரும் பையைத் திறந்து செக்யூரிட்டி அம்மாவிடம் காட்ட வேண்டும். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் டிபன் பாக்ஸையும் திறக்கச் சொல்லியிருப்பேன். அவள் அப்படியில்லை. ஜிப்பை இழுத்துத் திறந்துவிட்டு முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொள்வாள். எதையும் எடுக்காதவளும் எடுத்தவள் மாதிரி நிற்க வேண்டியிருக்கிறதே என்று பஸ்ஸில் பாதி தூரம் வரை சொல்லிக்கொண்டு வருவாள்.

ரிமோட் வண்டிக்கு என்னை இழுத்ததும் அவள்தான். இரண்டு குடும்பமும் சேர்ந்து ஏலகிரிக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு மைதானத்தில் பெங்களூர்க்காரர்கள் சிலர் கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, முழங்கால் உயரம்கூட இல்லாத வண்டிகளைப் புழுதி பறக்க ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தள்ளி நின்று இதில் என்ன ஏமாற்று வேலை என்று பார்த்தேன். அவள் நேராகப் போய்க் கேட்டு வாங்கி ஒரு சுற்று ஓட்டினாள். மலை இறங்கி முடிகிற வரைக்கும் அவள் கை இல்லாத ரிமோட்டைத் திருப்பிக்கொண்டே வந்தது. அந்த வருஷ போனஸில் இரண்டு பேரும் சேர்ந்து, வேலூரை விட்டுப் போகிற ஒருவரிடமிருந்து பழைய வண்டி ஒன்றை வாங்கினோம். பேட்டரியில் ஓடுவது. முள்முள்ளாகப் பெரிய டயர். ஒரு வாரம் என் வீட்டில், ஒரு வாரம் அவள் வீட்டில் என்று பேச்சு. வண்டி, ரிமோட், சாமான் எல்லாம் ஒரே கேன்வாஸ் பையில் ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் வைத்துக் கை மாறும்.

எங்கள் மைதானம் பாலாறுதான். தண்ணீர் வருகிற நாட்கள் போக மீதி நாளெல்லாம் மணல். கரையில் மாடு மேய்க்கிறவர்கள் முதலில், ரெண்டு பொம்பளைங்க ஆத்துல பொம்ம கார் ஓட்றாங்க என்று சிரித்தார்கள். அப்புறம் அவர்களே துண்டை விரித்து உட்கார்ந்து, மேட்டில் ஏறும்போது இப்படித் திருப்பு அப்படித் திருப்பு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவளுக்குக் கை நன்றாக வரும். எனக்கு வராது. எனக்குப் பிடித்தது வண்டியைக் கழற்றிப் பார்ப்பது. இப்படி வேலை பிரிந்ததே எங்களுக்குள் சண்டை வராமல் இருந்ததற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

மணல் எல்லாவற்றுக்குள்ளும் போகும். ஓட்டி முடித்ததும் சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரப் பெட்டியைத் திறந்து, பிரஷ்ஷால் தட்டித் துடைத்து, திரும்பப் பூட்ட வேண்டும். அந்த வண்டியில் திருகு இல்லாத இடமே கிடையாது. எல்லாம் குட்டிக் குட்டி ஆறு மூலைக் குழி. டிரைவரின் பட்டை கொஞ்சம் மழுங்கினாலும் குழிக்குள் பிடிக்காமல் வழுக்கிச் சுற்றும். சுற்றினால் குழியும் உருண்டையாகிவிடும். அதற்கப்புறம் அந்தத் திருகைக் கழற்றுவதற்குள் பேஜார் ஆகிவிடும். வண்டி போனாலும் போகட்டும், டிரைவர் நல்லதாக இருக்க வேண்டும் என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆகவில்லை.

வண்டியோடு வந்தவை வளைந்த சாவிகள். அவற்றைச் சாவி என்று சொல்வதே மரியாதை. முதல் இறுக்கத்திலேயே முறுக்கிக்கொண்டன. அடுத்து வேலூரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் தங்க நுனி வாங்கினேன். தங்கம் திருகோடு போய்விட்டது, கையில் தகரம் நின்றது. பிறகு போனில் ஆர்டர் போட்டேன். அங்கே ஐந்து நட்சத்திரம் போட்டவர்களை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். பெட்டி அழகாக இருக்கிறதாம், சீக்கிரம் வந்துவிட்டதாம். ஒரு வருஷம் திருகினேன், இன்னும் நுனி கூராக இருக்கிறது என்று எழுதியவர் ஒருவரும் இல்லை. பொருளைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள் நட்சத்திரம் போடுகிறார்கள் என்று அன்றைக்குப் பிடிபட்டது. தெரிந்தும் வாங்கினேன். அதுவும் மழுங்கியது.

ஏமாந்து ஏமாந்து நான் ஒரு முறை வைத்துக்கொண்டேன். பர்சில் எப்போதும் ஒரு புதுத் திருகு இருக்கும். கடையில் டிரைவரை அந்தக் குழியில் செருகி ஆட்டிப் பார்ப்பேன். ஆடினால் வேண்டாம். நுனி உருண்டையாக இருக்கிற ஜாதியும் வேண்டாம். சாய்த்துத் திருகலாம் என்பார்கள், இறுக்கமான திருகில் அதுதான் முதலில் காலை வாரும். கம்பி கைப்பிடிக்குள் எப்படிப் பூட்டியிருக்கிறது என்று பார்ப்பேன். தேய்ந்தால் கம்பியை மட்டும் மாற்ற முடிகிறதா என்று கேட்பேன். வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் வைப்பேன். மறுநாள் என் கணவர் அதைக் கையில் உருட்டி எடை பார்த்து, நல்ல சரக்கு என்பார். அதற்கப்புறம்தான் பைக்குள் போகும். வாசல் வெயிலில் பிடித்தால் நுனியில் மெல்லிசாக நீலமும் ஊதாவும் ஓடியிருக்கும். கடையின் டியூப்லைட்டில் இந்த நிறம் தெரியவில்லை பார் என்று நினைத்துக்கொள்வேன். நல்ல எஃகுக்கு இப்படித்தான் இருக்கும்போல என்று நானே முடிவு கட்டி, அந்த நீலத்தைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு வைப்பேன்.

நீலம் ஓடிய அதுவும் மழுங்கியது.

அப்போதுதான் தோழி, தன் அண்ணனுக்குத் தெரிந்த ஒரு மிஷின் ஸ்பேர் கடைக்கு வேலூரில் என்னைக் கூட்டிப் போனாள். பாய் கடை. அவர் எதையும் புகழவில்லை, வேண்டுமானால் எடுங்கள் என்கிற மாதிரி இருந்தார். அதுவே எனக்குப் பிடித்தது. என் திருகைச் செருகி ஆட்டினேன், ஆடவில்லை. ஒரே பெட்டியிலிருந்து ஒரே மாதிரி இரண்டு எடுத்தோம். ஒன்று அவள் வீட்டில் இருக்கட்டும், இன்னொன்று பையில் இருக்கட்டும் என்று அவள்தான் சொன்னாள். பையில் போட்ட என்னுடையது ஒரு வாரம் என் வீட்டில் இருந்தது. அடுத்த வாரம் பையோடு அவள் வீட்டுக்குப் போனது. திரும்பி வந்தபோது ஆறு பட்டையும் வழவழவென்று இருந்தது. உன்னுடையது எப்படி இருக்கிறது என்று பஸ்ஸில் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"அப்படியே கீதுக்கா. கல்லு மாதிரி."

ஒரே கடை, ஒரே பெட்டி, ஒரே நாள். ஒன்று கல், ஒன்று களிமண். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் வீட்டுக்காரர் மிக்சியும் ஃபேன் மோட்டாரும் கழற்றிப் போடுகிறவர். நாள் முழுக்கத் திருகுகிறவருக்கு எப்பேர்ப்பட்ட டிரைவரும் தேயும். தேய்ந்ததைப் பைக்குள் போட்டுவிட்டு, என்னுடையதை எடுத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்? இரண்டும்தான் ஒரே மாதிரி இருக்கிறதே. அதற்காகத்தான் ஒரே மாதிரி எடுத்தாளோ? கடையைக் காட்டியதும் அவள்தானே? யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. சந்தேகத்தில் உள்ள சுகமே அதுதான், பொருந்தாத சாமானே அதில் கிடையாது.

இருந்தாலும் கையும் களவுமாகப் பிடிக்காமல் பேசக் கூடாது என்று இருந்தேன். அதே கடையில் அதே டிரைவரை இன்னொன்று வாங்கினேன். கம்பியில் நுனிக்குக் கொஞ்சம் மேலே அளவு பொறித்திருக்கும். அந்த எண்ணின் பள்ளத்துக்குள் கம்பெனி வெள்ளைப் பேனாவால் மையை இழைத்து, மேலே வழிந்ததைக் காய்வதற்குள் துடைத்துவிட்டேன். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். துணியால் அழுத்தித் தேய்த்தும் பார்த்தேன், பள்ளத்துக்குள் இருந்த மை அசையவில்லை. அந்தப் பேனாவை வெளியே எடுத்து வரக் கூடாது. கொண்டைக்குள் செருகிக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். அந்த அம்மா பையை மட்டும்தான் பார்ப்பார்.

டிரைவர் வழக்கம்போல அலமாரியில் இருந்து பைக்குள் போனது, ஞாயிற்றுக்கிழமை பை அவளிடம் போனது. அடுத்த ஞாயிறு திரும்பி வந்தது. மணலில் குத்தவைத்து உட்கார்ந்து டிரைவரை எடுத்து வெயிலில் திருப்பினேன். நுனி மழுங்கியிருந்தது. எண்ணின் பள்ளம் துடைத்த மாதிரி காலியாக இருந்தது.

"இன்னாக்கா தேடற?" என்றாள்.

"என்னுத தேடறேன். இது என்னுது இல்ல."

அப்புறம் நான் நிறுத்தவில்லை. குறி போட்டதைச் சொன்னேன். ஒரே மாதிரி இரண்டு எடுத்ததைச் சொன்னேன். அவள் வீட்டுக்காரரின் மிக்சி மோட்டார் வரைக்கும் போனேன். கரையில் இருந்தவர்கள் மாட்டை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்வாள், அழுவாள், சத்தியம் செய்வாள், அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன். அவள் எதையும் செய்யவில்லை. குறி போட்டாயா என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். ஆமாம் என்றேன். பையைத் தன் பக்கம் இழுத்து, ரிமோட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். வண்டியைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள்.

"வண்டி எங்கிட்ட இருக்கட்டும். ரிமோட்டு உங்கிட்ட இருக்கட்டும். அப்ப யாரும் யாரையும் ஏமாத்த முடியாது."

மறுநாள் பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவள் முன்னால் டிரைவருக்குப் பின் சீட்டில் இருந்தாள். எனக்கு அப்போதும் நான் செய்தது சரி என்றுதான் பட்டது. ஆதாரம் என் கையில் இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டே போன அந்த வாரங்களில், ரிமோட்டை அலமாரியில் பார்க்கும்போதெல்லாம் கையில் எடுப்பேன். வண்டி இல்லாத ரிமோட்டின் குமிழைத் திருப்பிப் பார்ப்பேன். பாலாறு அங்கேயேதான் இருந்தது, ஞாயிற்றுக்கிழமைதான் இல்லாமல் போயிற்று. எனக்கு வேறு சிநேகிதிகள் கிடையாது. என் கண்ணோடு யார் சிநேகிதமாக இருப்பார்கள்? அவள் ஒருத்திதான் இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை, லைனில் ஒரு அப்பர் என் கைக்கு வந்தது. தையலுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோடு மறையாமல் நின்றது. ஸ்டிக்கர் ஒட்டி, சூடான காற்றை ஊதுகிற ஹாட் ஏர் மிஷினில் நிற்கிற பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தேன். சூடு பத்தவில்லை, இன்னொரு தடவை காட்டு என்றேன். தினமும் நூறு தடவை சொல்கிற வார்த்தை. அவள் மிஷினின் வாய்க்கு நேரே அப்பரைப் பிடித்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு இருந்த இடம் தெரியாமல் போனது. தேய்த்தால் போகாது, துடைத்தால் போகாது. சூடு பட்டால் போய்விடும். அதற்காகவே செய்த மை. அது போயிருக்கிறதா என்று பார்க்கத்தான் என்னை வேலைக்கே வைத்திருக்கிறார்கள்.

என் அடுத்த அப்பர் மேஜையிலேயே கிடந்தது. டிரைவர் மாறவில்லை. அதே டிரைவர்தான். யாரோ அதைச் சூடு பண்ணியிருக்கிறார்கள். பையைக் கொடுப்பதற்கு முன்னால் குறி இருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. உள்ளே வருவதைப் பார்க்கிற அளவுக்கு வெளியே போவதையும் பார்க்க வேண்டும் என்று புதுப் பெண்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவளுடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போது என்னையே எனக்கு நம்பிக்கை இல்லை. முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். அதே கடையில் நான் வாங்கி, பிரிக்காமலே வைத்திருந்த டிரைவர் ஒன்று வீட்டில் இருந்தது. வீட்டில் என்னைத் தவிர அதைக் கையில் எடுக்கிறவர் என் கணவர் ஒருவர்தான். அதை எடுத்து அவர் கண்ணில் படுகிற மாதிரி அலமாரியில் வைத்தேன். கறிவேப்பிலை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வீட்டைச் சுற்றி வந்து சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

என் கணவர் வந்தார். டிரைவரைக் கவரிலிருந்து பதவிசாக உருவினார். கேஸ் அடுப்பைப் பற்ற வைத்து, ஊதுவத்தி கொளுத்துகிற மாதிரி நுனியைத் தீயில் காட்டினார். திருப்பித் திருப்பிக் காட்டினார். எடுத்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு கரித்துணியால் நன்றாகத் துடைத்து, இருந்த மாதிரியே கவருக்குள் போட்டார். ஜன்னல் வழியாகவே கேட்டேன், என்ன செய்கிறீர்கள் என்று. அவர் பதறவே இல்லை.

"செக் பண்றேன். முலாம் பூசனதுன்னா சூட்டுல உரிஞ்சுனு வந்துடும். நீ வாங்கற எல்லாத்தையும் பாத்துடுவேன். நீ ஏமாந்துட்டா வீடு ரெண்டாய்டுதே. அதான் உனக்கு முந்தி நானே பாத்துடறது."

போன தடவை ஒன்றில் எண் வெள்ளையாக இருந்ததாம். சூடு காட்டியதும் அந்த வெள்ளை காணாமல் போய்விட்டதாம். இது ஏதோ டுபாக்கூர் கம்பெனி என்று அப்போதே சந்தேகம் வந்ததாம். நான் மனம் கஷ்டப்படுவேனே என்று சொல்லவில்லையாம். நான் உள்ளே போய் அந்த டிரைவரை எடுத்து விளக்கில் பிடித்தேன். நுனியில் நீலமும் ஊதாவும் புதுசாக ஓடியிருந்தது. எங்கள் ஸ்டிச்சிங் லைனில் வேகமாக ஓடிச் சூடேறிய ஊசியில் இதே நீலம் பாயும். நீலம் பாய்ந்த ஊசிக்கு உறுதி போய்விட்டது என்று அர்த்தம், உடனே கழற்றிப் போட வேண்டும். நெருப்பில் காட்டினால் கெட்டியான எஃகு இளகிவிடும் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் கரித்துணியை மடித்து அடுப்பு மேடையில் வைத்தார்.

"தோலுக்குக் கரெக்ட்டா வருதே," என்றார்.

வேறு நாளாக இருந்தால் நான் ஆடுகிற ஆட்டத்துக்குத் தெரு கூடியிருக்கும். அன்றைக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இவர் என்னிடம் அன்பில்தான் இதைச் செய்தார், அது தெரிகிறது. அவளிடம் நான் பேசியது எந்தக் கணக்கில் வரும் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரிமோட்டையும், வீட்டில் கிடந்த நீல நுனிகளையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் செய்தித்தாளை விரித்து வண்டியைக் கழற்றி வைத்திருந்தாள். ஓடாத வண்டி. அதில் ஒரு மணல்கூட இருக்காது. ஆனாலும் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய டிரைவர் கிடந்தது. கேட்காமலே எடுத்து வாசல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஆறு பட்டையும் கூராக இருந்தது. வெறும் எஃகு நிறம், ஒரு பொட்டு நீலம் இல்லை. என்னுடையவற்றை அதற்குப் பக்கத்தில் செய்தித்தாளில் வைத்தேன்.  நானே சொன்னேன். பேனா மையைச் சொன்னேன், ஜன்னலுக்கு வெளியே நின்றதைச் சொன்னேன், அடுப்பைச் சொன்னேன். அவர் இரும்பை மோந்து பார்த்த இடம் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது. எல்லாம் முடிந்தது, ஆற்றுக்குப் போகலாம் என்று நினைத்தேன். சிரித்து முடித்து, பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"மாமா தெரியாம கொளுத்தனாரு. நீ தெரிஞ்சுதானக்கா குறி போட்ட?"

 தப்புதான் என்றேன். அவள் சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். பூட்டி முடித்து, சரி வா, வெயில் ஏறுவதற்குள் போகலாம் என்று எழுந்தாள். அன்றைக்கு ஆற்றில் அவள் ஓட்டியதைப் பார்த்துக் கரையில் இருந்தவர்கள், இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று கேட்டார்கள். ஊருக்கு என்று அவளே பதில் சொன்னாள்.

இப்போது எல்லாம் பழையபடிதான். பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் எனக்காகச் சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கிறது. பாய் கடையில் வாங்கிய இன்னொரு டிரைவர் நன்றாக இருக்கிறது, நுனி கல்லு மாதிரி நிற்கிறது. என் கணவர் இப்போது கொளுத்துவதில்லை, மோந்து மட்டும் பார்க்கிறார். யாராவது என்னிடம் எந்த டிரைவர் வாங்கலாம் என்று கேட்டால், திருகில் செருகி ஆட்டிப் பார், குழியில் உள்ள மணலை ஊசியால் எடுத்துவிட்டு நேராக அழுத்தித் திருகு, தீக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே என்று சொல்கிறேன்.

ஒன்று மட்டும் புதிது. ஞாயிற்றுக்கிழமை பை கை மாறும்போது அவள் அதை அப்படியே என்னிடம் நீட்டுவதில்லை. மணலில் உட்கார்ந்து ஜிப்பை முழுக்க இழுத்துத் திறக்கிறாள். வண்டி, ரிமோட், பேட்டரி, டிரைவர் எல்லாம் எனக்குத் தெரிகிற மாதிரி பையின் வாயை அகலமாகப் பிடித்துக்கொண்டு, முகத்தை அக்கரைப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். கேட்டில் அந்த அம்மாவுக்கு முன்னால் நிற்கிற அதே முகம். முதல் தடவை, வேண்டாம் மூடு என்று சொன்னேன். பாத்துடுக்கா என்றாள், கோபம் இல்லாமல்தான் சொன்னாள்.

ஒவ்வொரு வாரமும், இன்றைக்குப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் ஆற்றில் இறங்குகிறேன். அவள் பையைத் திறக்கிறாள். என் கண் உள்ளே போய், எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வருகிறது.